மடிக்கணினி உங்களுடையது, உள்ளே இருக்கும் விண்டோஸ் யாருடையது?

உங்கள் மடிக்கணினியைத் திறந்து, முகப்புத் திரையின் வலப்பக்கக் கீழ்மூலையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். கடிகாரத்துக்குச் சற்று மேலே மங்கலான எழுத்துகளில் ஏதேனும் தெரிகிறதா? 'இவால்யுவேஷன்' என்ற சொல்லோ, இந்த உரிமம் இன்னும் இத்தனை நாள்களுக்குத்தான் செல்லும் என்ற வரியோ அங்கே இருந்தால், உங்கள் கணினியில் ஓடுவது சோதனைப் பதிப்பு. அதற்கு ஒரு முடிவு நாள் இருக்கிறது. அந்த நாள் உங்கள் பிள்ளையின் தேர்வு வாரத்திலும் வரலாம். நீங்கள் வருமான வரிக் கணக்கை முடிக்க உட்காரும் இரவிலும் வரலாம்.

திரையில் அப்படி எதுவும் இல்லையென்றாலும் தொடர்ந்து படியுங்கள். அடுத்த முறை மடிக்கணினி வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இதில் இருக்கிறது.

சோதனைப் பதிப்பு என்பது திருட்டுப் பதிப்பு அல்ல. மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அதைத் தன் இணையத்தளத்தில் இலவசமாகத் தருகிறது. விண்டோஸின் 'எண்டர்பிரைஸ்' வகையை 90 நாள்களுக்கு ஓட்டிப் பார்க்கலாம். பெரிய நிறுவனங்களின் கணினிப் பிரிவினர், தங்கள் மென்பொருள்கள் புதிய விண்டோஸில் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொள்வதற்காகத் தரப்படும் வசதி இது. நல்ல வசதிதான். சிக்கல் என்னவென்றால், இது பார்வைக்கும் பயன்பாட்டுக்கும் அசல் விண்டோஸ் போலவே இருக்கும். எந்த வசதியும் குறைக்கப்பட்டிருக்காது. ஆகவே, பழைய மடிக்கணினியைத் துடைத்து விற்பவரோ, பழுது பார்ப்பவரோ இதைப் போட்டுக் கொடுத்துவிட்டால், வாங்குபவருக்கு முதல் மூன்று மாதம் வித்தியாசமே தெரியாது.

மூன்று மாதம் முடிந்ததும் தெரியும். முகப்புத் திரையின் பின்னணி கறுப்பாகிவிடும். இந்த விண்டோஸ் முறையானதன்று என்ற அறிவிப்பு விடாமல் வந்து நிற்கும். அதோடு, கணினி மணிக்கு ஒரு முறை தானாகவே அணைந்துவிடும். உங்கள் கோப்புகளை அது அழிப்பதில்லை. ஆனால், சேமிக்காமல் விட்ட வேலை போய்விடும். ஐம்பது நிமிடம் தட்டச்சு செய்த பதிலை நினைத்துப் பாருங்கள்.

சாவி வாங்கினால் போதுமா?

இந்த நிலையில் எவருக்கும் தோன்றும் வழி ஒன்றுதான். முறையான சில்லறைப் பதிப்பை வாங்குவோம், அதனோடு வரும் 25 எழுத்து உரிமச் சாவியைத் தட்டுவோம், பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்போம். பணம் கொடுக்கத் தயாராக இருப்பவரின் நியாயமான எதிர்பார்ப்பு அது.

ஆனால், 'எண்டர்பிரைஸ்' சோதனைப் பதிப்பில் அது நடக்காது. அந்த வகை விண்டோஸ் நிறுவனங்களுக்கு மொத்த உரிமமாக விற்கப்படுவது. கடையில் நீங்களும் நானும் பொதுவாக வாங்குபவை 'ஹோம்', 'புரோ' ஆகியவை. அவற்றின் சாவியை இந்தப் பூட்டு ஏற்காது. நிறுவனத்தின் அறிவிப்பும் தெளிவாகவே இருக்கிறது: சோதனைப் பதிப்பை முழுப் பதிப்பாக மாற்ற இயலாது, வன்தட்டைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து நிறுவ வேண்டும்.

வாடகைக்கு இருந்த வீட்டையே விலை பேசி வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். பத்திரம் உங்கள் பெயருக்கு வந்துவிட்டது. ஆனால், சாமான்களையெல்லாம் வெளியே எடுத்து, வீட்டை இடித்து, அதே மனையில் அதே போன்ற வீட்டைக் கட்டிய பிறகுதான் குடியேறலாம் என்கிறார்கள். வெளியே எடுக்க மறந்த சாமான் இடிபாட்டோடு போய்விடும். கணினியில் அந்தச் சாமான் என்பது குடும்பப் புகைப்படம், பட்டப்படிப்பு ஆய்வேடு, கடையின் ஐந்தாண்டுக் கணக்கு.

இது உண்மையிலேயே தவிர்க்க முடியாததா? தொழில்நுட்பத்தில் வேறு வழியே இல்லையா? இருக்கிறது என்பதே என் வாதம். அதற்கு மூன்று சான்றுகள் தருகிறேன்.

மூன்று சான்றுகள்

முதலாவது, விண்டோஸ் 7. அதன் இறுதிக்கட்டச் சோதனைப் பதிப்பு 2009 மே மாதம் பொதுமக்களுக்கு இலவசமாக வெளியானது. விற்பனைப் பதிப்பு 2009 அக்டோபர் 22ஆம் நாள் கடைக்கு வந்தது. இடைப்பட்ட மாதங்களில் பலர் அந்தச் சோதனைப் பதிப்பையே அன்றாட வேலைக்குப் பயன்படுத்தினார்கள். 2010 மார்ச் முதல் நாளிலிருந்து அது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அணையத் தொடங்கியது. அவ்வாண்டு ஜூன் முதல் நாளோடு அதன் காலம் முடிந்தது. விற்பனைப் பதிப்பை வாங்கி அதன் மேலேயே நிறுவ முயன்றவர்களை, 'இந்தப் பதிப்பிலிருந்து மேம்படுத்த முடியாது' என்று நிறுவல் மென்பொருள் தடுத்தது.

தடுத்தது எது தெரியுமா? நிறுவல் வட்டில் இருந்த ஒரு சிறிய உரைக்கோப்பு. குறைந்தது 7233 என்ற பதிப்பு எண் இருந்தால்தான் மேம்படுத்தலாம் என்று அதில் எழுதியிருந்தது. சோதனைப் பதிப்பின் எண்ணோ 7100. அந்த வட்டின் நகலில், 7233 என்பதை 7000 என்று திருத்தி ஓட்டியவர்களின் கணினியில் மேம்பாடு நடந்தது. கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருந்தன. சுவர் என்று எண்ணியது, தாழிட்ட கதவுதான்.

இரண்டாவது, நிறுவனங்களின் சேவைக் கணினிகளில் ஓடும் 'விண்டோஸ் சர்வர்'. இதற்கும் 180 நாள் சோதனைப் பதிப்பு உண்டு. ஆனால், பெரும்பாலான சூழல்களில், ஒற்றை வரிக் கட்டளையோடு உரிமச் சாவியைக் கொடுத்தால் அது முழுப் பதிப்பாக மாறிவிடும். அந்தக் கட்டளையை மைக்ரோசாஃப்டே தன் வழிகாட்டியில் வெளியிட்டிருக்கிறது. துடைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, உங்கள் வீட்டுக் கணினியிலேயே இருக்கிறது. 'ஹோம்' வகை விண்டோஸிலிருந்து 'புரோ' வகைக்கு மாற விரும்பினால், சாவியைத் தட்டிவிட்டுச் சிறிது நேரம் காத்திருந்தால் போதும். கணினி ஒருமுறை அணைந்து எழும். படம் ஒன்றுகூடப் போகாது.

நிறுவனத்தின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். முடிவடையாத மென்பொருளின் மிச்சங்கள் கணினியில் தங்கிவிட்டால், பின்னாளில் காரணம் தெரியாத கோளாறுகள் வரலாம். துடைத்து நிறுவுவதே தூய்மையான வழி. விண்டோஸ் 7 போன்ற வெளியீட்டுக்கு முந்திய பதிப்புகளைப் பொறுத்தவரை இதில் உண்மை உண்டு. ஆனால், இன்றைய 90 நாள் பதிப்பு முடிவடையாத மென்பொருள் அன்று. நிறைவு பெற்ற விண்டோஸ்தான். நாள் குறித்துக் கட்டப்பட்டது, அவ்வளவே. சேவைக் கணினிக்குத் திறக்கும் கதவை வீட்டுக் கணினிக்குத் திறக்காதது தொழில்நுட்பக் கட்டாயம் அன்று, வணிக முடிவு. அந்த முடிவின் செலவை ஏற்பவர், பணம் கொடுக்க முன்வந்த பயனீட்டாளர். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

செயல்பாட்டில் இருக்கிறது என்பதும் போதாது

"என் கணினியில் அப்படி எந்த அறிவிப்பும் இல்லையே, விண்டோஸ் செயல்பாட்டில் இருக்கிறது என்றுதானே காட்டுகிறது" என்று நீங்கள் கேட்கலாம். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. செட்டிங்ஸ் பகுதிக்குள் சென்று, சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன் என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

'டிஜிட்டல் லைசென்ஸ்' மூலம் இயக்கப்பட்டிருக்கிறது என்று இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. ஆனால், உங்கள் 'ஆர்கனைசேஷன்' வழங்கும் சேவையின் மூலம் இயக்கப்பட்டிருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் நிதானியுங்கள். அது ஒரு நிறுவனத்தின் மொத்த உரிமம். அந்த முறையில் கணினி தன் நிறுவனத்தின் சேவைக் கணினியை அவ்வப்போது தொடர்புகொண்டு உரிமத்தைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் கிடைப்பது 180 நாள் அனுமதி. நிறுவனத்தை விட்டு வெளியே வந்து, கைமாறி, உங்கள் வீட்டு மேசைக்கு வந்துவிட்ட மடிக்கணினி யாரைத் தொடர்புகொள்ளும்? வாங்கிய அன்று எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆறு மாதத்துக்குள் உண்மை வெளிவரும். திருட்டுத்தனமாக உரிமத்தை இயக்கும் மென்பொருள்களில் பலவும் இதே முறையைப் போலி செய்பவைதான். ஆகவே அவற்றிலும் இதே வரி தெரியும்.

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பழைய கணினிகளைக் கைமாற்ற நிறுவனங்களுக்கு அதுவும் ஒரு காரணம். கோலாலம்பூர் லோயாட் பிளாசாவிலோ, சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேரிலோ, உங்கள் ஊர்க் கடையிலோ பயன்படுத்திய மடிக்கணினி வாங்குவதில் தவறே இல்லை. வசதி குறைந்த குடும்பத்து மாணவருக்கு அதுவே நல்ல வழி. கேட்க வேண்டியதைக் கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்க வேண்டிய கேள்வி இது: "இதில் இருக்கும் விண்டோஸ் எந்த வகை உரிமம்?" பதில் மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். கணினியோடு தொழிற்சாலையிலேயே வந்தது. தனியாக வாங்கிப் போட்ட சில்லறை உரிமம். அல்லது உரிமமே இல்லை, நீங்கள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்றாவது பதிலும் நேர்மையான பதில்தான். விலையில் அதைக் கழித்துக் கேட்கலாம். "அதெல்லாம் ஓடும், கவலைப்படாதீர்கள்" என்பது மட்டும் பதிலாகாது.

பதிலை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். கார் வாங்கும்போது சாலை வரி எதுவரை என்று பார்க்கிறோம். பால் டப்பாவில் காலாவதி நாள் பார்க்கிறோம். ஆயிரம், இரண்டாயிரம் ரிங்கிட் கொடுத்து வாங்கும் கணினியின் உயிர்நாடிக்குக் காலாவதி நாள் இருந்தால், அதை விற்பவர் எழுத்தில் தருவதுதானே முறை? இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. அதுவரைக்கும் எழுதிய ரசீது உங்களுக்குக் கைகொடுக்கும். மலேசியாவில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருளைப் பற்றித் தவறான தகவல் தந்து விற்பதைத் தடை செய்கிறது. வழக்கறிஞர் இல்லாமலே பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் முறையிடலாம்.

பணம் கொடுப்பதற்கு முன்

சரி, சோதனைப் பதிப்பு உங்கள் கணினிக்குள் வந்துவிட்டது. இனி என்ன செய்வது? உடனே சில்லறை உரிமம் வாங்கக் கிளம்பாதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே உரிமம் இருக்கலாம்.

விண்டோஸ் 8 வெளிவந்த காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் பெருநிறுவன மடிக்கணினிகளில் உரிமச் சாவி தாய்ப்பலகையின் சில்லுக்குள்ளேயே எழுதப்பட்டு வருகிறது. வன்தட்டைத் துடைத்தாலும் அது அழியாது. உங்கள் கணினி முதலில் 'ஹோம்' வகையோடு விற்கப்பட்டிருந்தால், அதே 'ஹோம்' வகையைத் துடைத்து நிறுவினால் போதும். நிறுவல் மென்பொருள் அந்தச் சாவியைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். இணையத்தோடு இணைந்ததும் விண்டோஸ் இயங்கத் தொடங்கிவிடும். செலவு ஒரு காசும் இல்லை. இந்த ஒரு செய்தி தெரியாமல் புதிதாக உரிமம் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

சாவி இல்லையென்றால் சில்லறை உரிமம் வாங்கலாம். அமெரிக்காவில் விண்டோஸ் 11 'ஹோம்' வகையின் பட்டியல் விலை 139 டாலர், 'புரோ' 199 டாலர். வீட்டுக்கும் படிப்புக்கும் 'ஹோம்' தாராளம். சில்லறை உரிமத்துக்கு ஒரு சிறப்பு உண்டு: நாளை இந்தக் கணினி பழுதானால், உரிமத்தை வேறு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். தொழிற்சாலையில் வந்த உரிமம் அந்தக் கணினியோடேயே முடிந்துவிடும். வாங்கிய உரிமத்தை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து வையுங்கள். தாய்ப்பலகையை மாற்ற நேர்ந்தாலும் மீட்பது எளிது.

இணையத்தில் இருபது ரிங்கிட்டுக்கு விற்கப்படும் சாவிகளைப் பற்றி ஒரு சொல். அவற்றுள் பல நிறுவனங்களின் மொத்த உரிமத்திலிருந்து பிரித்து விற்கப்படுபவை. இன்று வேலை செய்யும், நாளை முடக்கப்படலாம். அப்போது மீண்டும் இதே இடத்தில்தான் நிற்பீர்கள். இலவசமாக உரிமத்தை இயக்கித் தருகிறேன் என்று வரும் மென்பொருள், முதல் வேலையாக வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்லும். வீட்டுக் காவலை அனுப்பிவிட்டு உள்ளே வருகிறேன் என்பவரை நம்புவீர்களா?

துடைப்பதற்கு முன்

துடைத்து நிறுவுவதைத் தள்ளிப்போடாதீர்கள். மணிக்கு ஒரு முறை அணையும் கணினியிலிருந்து நூறு ஜிகாபைட் படங்களை நகலெடுப்பது தலைவலி. முடிவு நாளுக்கு இரண்டு வாரம் முன்பே, ஒரு சனிக்கிழமை காலையில் உட்காருங்கள்.

முதலில் வெளி வன்தட்டு ஒன்றில் எல்லாவற்றையும் நகலெடுங்கள். 'டாக்குமெண்ட்ஸ்', 'பிக்சர்ஸ்' மட்டும் போதாது. முகப்புத் திரையில் குவிந்து கிடப்பவை, பதிவிறக்கப் பகுதியில் இருப்பவை, கணக்கு மென்பொருளின் தரவுக்கோப்பு, உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் அதில் சேர வேண்டும். நகலெடுத்ததும் வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நகலென்று நம்பாதீர்கள். வன்தட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியையும் தாளில் எழுதி வையுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூனிகோடு பரவுவதற்கு முன், நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் கோயில் நிர்வாகத்தினரும் சங்கச் செயலாளர்களும் பல்வேறு பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தார்கள். திஸ்கி, தாப், தாம் என்று குறியாக்கங்களே பல. அந்தக் கோப்புகள் இன்றும் பலருடைய கணினியில் இருக்கின்றன. கணினியைத் துடைத்தால் அந்த எழுத்துருவும் சேர்ந்து போய்விடும். பிறகு கோப்பைத் திறந்தால் இருபது ஆண்டுக் கூட்டக் குறிப்பு முழுவதும் புரியாத குறியீடுகளாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிடுவதும் நடக்கக்கூடியது. ஆகவே, துடைப்பதற்கு முன் எழுத்துருக் கோப்புகளையும் நகலெடுங்கள். முடிந்தால் அந்த ஆவணங்களை அப்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

பிறகு, 8 ஜிகாபைட் அல்லது அதற்கு மேற்பட்ட காலித் தம்ப் டிரைவ் ஒன்றில், மைக்ரோசாஃப்ட் இணையத்தளத்திலிருந்து நேரடியாக நிறுவல் கோப்பைப் பதிவிறக்குங்கள். வேறு எங்கிருந்தும் வேண்டாம். உங்கள் உரிமம் எந்த வகையோ அதே வகையைத் தேர்ந்தெடுங்கள். 'ஹோம்' சாவியை வைத்துக்கொண்டு 'புரோ'வை நிறுவினால் மறுபடியும் வேலை. இதெல்லாம் பயமாக இருந்தால் கடையில் கொடுத்துச் செய்துகொள்ளலாம். ஆனால், நகலெடுக்கும் வேலையை மட்டும் நீங்களே செய்யுங்கள். உங்களுக்கு எது முக்கியம் என்பது கடைக்காரருக்குத் தெரியாது.

இத்தனை வேலையும் செலவும் எதற்கு என்று சலிப்பவர்களுக்கு லினக்ஸ் வழியும் திறந்திருக்கிறது. உபுண்டு போன்றவற்றில் சோதனைப் பதிப்பு, சில்லறைப் பதிப்பு என்ற பிரிவே இல்லை. உங்களுக்குத் தேவையான மென்பொருள்கள் அதில் ஓடுமா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளை நாம் வாங்குவதில்லை; பயன்படுத்தும் உரிமையைத்தான் வாங்குகிறோம். இது பழைய செய்தி. ஆனால், அந்த உரிமை எந்த நாளில் முடியும், முடியும்போது நம் உழைப்புக்கு என்ன ஆகும் என்பதை வாங்கும்போதே நமக்குச் சொல்ல வேண்டிய கடமை தயாரிப்பவருக்கும் விற்பவருக்கும் உண்டு. பணம் கொடுக்க முன்வரும் பயனீட்டாளருக்குச் சாவியைத் தட்டி மாறும் வழியைத் தயாரிப்பாளர் தர வேண்டும். உரிமத்தின் வகையை விற்பனையாளர் ரசீதில் எழுத வேண்டும். இவை இரண்டும் நடக்கும்வரை, கேள்வி கேட்டு வாங்குவதும், நகலெடுத்து வைப்பதும் நம் பொறுப்பு. இன்றே ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வீட்டில் இருக்கும் மற்றக் கணினிகளிலும் பாருங்கள். முக்கியமாக, இந்த ஆண்டு தேர்வெழுதும் பிள்ளையின் கணினியில்.